பதினெட்டு

மூன்று வருடத்துக்கு ஒருமுறை
ஐந்து அனுபவங்களை எழுதிக் கொடுத்தால்தான்
இந்த நாட்டில் நான் நர்ஸ்.
நான்கை எழுதி முடித்தாயிற்று.
ஐந்தாவதுக்கு மிஸ்டர் பிக்கரிங்கை
எடுத்து வைத்திருந்தேன்,
விருந்தாளிக்கென்று ஒதுக்கிய கோப்பை போல.

கிரிம்ஸ்பியில் பிப்ரவரி. சமையலறை மேசை.
என்ன நடந்தது? என்கிறது படிவம்.
எனக்கா தெரியாது? எத்தனை முறை சொன்ன கதை.

இரவு இரண்டு மணி. ஆறாம் படுக்கை.
பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்,
இடுப்பு ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள்.
ஜன்னலில் மழை.
சட்டையில் குத்திய கடிகாரத்தை நிமிர்த்திப் பிடித்து
ஒரு முழு நிமிடம் அவர் மூச்சை எண்ணினேன்.
எண் சரி. முகம் சரியில்லை.
மரிசெல்லிடம் சொன்னேன், இவர்மேல் ஒரு கண் வை என்று.
நாலேகாலுக்கு அவருக்கு மூச்சு முட்டியபோது
தயாராக இருந்தோம்.
பிழைத்துக்கொண்டார்.
கிறிஸ்துமஸுக்கு ஒரு டப்பா பிஸ்கட் வந்தது.

கை தடுக்காமல் ஓடியது.
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மரிசெல் படித்துவிட்டுச் சிரித்தாள்.
"கண் வைக்கச் சொன்னது நான்.
உன் வாயில் பாதி சாண்ட்விச் இருந்தது."
ஒரே வாக்கியம்,
இரண்டு பேர் சொந்தம் கொண்டாடுகிறோம்.
அவளும் பொய் சொல்கிறவள் இல்லை.

அடுத்த டியூட்டியில் ஆறாம் படுக்கை வரை போய்ப் பார்த்தேன்.
அதற்கு ஜன்னலே இல்லை.
எதிரே போர்வை அலமாரி.
எந்த இரவின் மழையைக் கொண்டுவந்து
அவர் தலைமாட்டில் ஒட்டினேன்?

அதன் பிறகு கைப்பையில் அந்த ரசீது.
கடிகாரத்துக்கு பேட்டரி, நான்கு பவுண்டு,
நவம்பர் பத்தொன்பது.
பிக்கரிங்கின் இரவு பன்னிரண்டு.
தீபாவளியிலிருந்தே அது ஓடவில்லை.
நின்றுபோன கடிகாரத்தில்
எந்த நிமிடத்தை முழுசாக எண்ணினேன்?

சார்ஜ் சிஸ்டர் ஜில்லியன் சார்ட்டின் நகலைக் காட்டினாள்.
இரண்டு மணி: மூச்சு பதினெட்டு. என் கையெழுத்து.
நாலேகால்: முப்பத்திரண்டு. அதுவும் என் கையெழுத்துதான்,
அவசரத்தில் கொம்பு முளைத்தது.
"உள்ளுணர்வு உனக்கு" என்று தோளைத் தட்டினாள்.
நான் மறுத்துச் சொல்லவில்லை.
அதையும் இங்கே எழுத வேண்டும்.

பதினெட்டு.
சார்ட்டுகளை நம்பினால் இந்தத் தீவில் பாதிப் பேர்
ராத்திரியில் பதினெட்டுத்தான் மூச்சு விடுகிறார்கள்.
அலுத்த கை தானாக எழுதும் எண் அது.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிஜமாகவே எண்ணியிருக்கலாம்.
போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்து,
தூங்குகிறார் பாவம் என்று நகர்ந்திருக்கலாம்.
இரண்டையும் கண்ணை மூடினால் தெளிவாகப் பார்க்கிறேன்.
தீர விசாரிப்பதே மெய் என்பார்கள்.
விசாரிக்கிறவளும் நான், சாட்சியும் நான்,
கூண்டில் நிற்பவளும் நான் என்றால்?

அவர் இறந்திருந்தால்
இதே இரண்டு மணி எனக்கு வேறு மாதிரி ஞாபகம் இருந்திருக்கும்.
அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்த மரணத்தை
எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்று அழுதிருப்பேன்.
முகம் என்னவோ ஒரே முகம்தான்,
பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு உறங்கிய முகம்.

எழுதியதை அழித்தேன்.
என்ன நடந்தது? எண்ணினேனா என்று தெரியவில்லை.
என்ன கற்றுக்கொண்டாய்?
அந்தக் கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டே இருக்கிறது,
நிமிடத்துக்கு எத்தனை என்று பார்க்கவில்லை.

இன்று காலை டியூட்டி முடிந்து வரும் பஸ்ஸில்
எதிர் இருக்கையில் ஒருவர்,
மீன் சந்தை பூட்ஸோடு, வாய் பிளந்து தூக்கம்.
எண்ண ஆரம்பித்தேன்.
பதினொன்றில் என் நிறுத்தம் வந்துவிட்டது.
இறங்கி நடக்கும்போது
மீதி ஏழை
மனசு தானே போட்டுக்கொண்டது.